காதுக்கும் நெஞ்சுக்கும் ஒரே மதகு

ஆனேக்கல்லில் நான் கிளினிக் திறந்தது 1991இல். பஸ் ஸ்டாண்டிலிருந்து தறிக்காரர்கள் தெருவுக்குத் திரும்பும் முனையில் ஒரே ஓர் அறை. முன்னால் சிமெண்டுத் திண்ணை. திண்ணையில் எப்போதும் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஓசூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அத்திப்பள்ளியைத் தாண்டினால் வேறு மாநிலம் என்ற நினைப்பே வராது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் அந்தத் திண்ணையில் தோளோடு தோள் உரசிக்கொண்டிருக்கும். தளிப் பக்கத்திலிருந்து ராகி விவசாயிகள், ஜிகணியிலிருந்து கல் அறுப்பவர்கள், பொம்மசந்திரா ஃபேக்டரிகளில் நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் என்று எல்லாரும் வருவார்கள்.

காய்ச்சல், இருமலுக்கு அடுத்தபடி அந்த அறையில் நான் அதிகம் கேட்டது தலைசுத்தலைப் பற்றித்தான். தமிழர் "தலை சுத்துது" என்பார். கன்னடக்காரர் "தலெ சுத்து பருத்தெ" என்பார். தெலுங்குக்காரர் மட்டும் தலையை விட்டுவிட்டு "கள்ளு திருகுதுன்னாயி" என்பார். கண் சுற்றுகிறதாம். முதல் சில வருஷங்கள் அதை வெறும் பேச்சு வழக்கு என்றே நினைத்தேன். உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பில் கோளாறு வந்தால் கருவிழி உண்மையிலேயே ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுக்கும். பாடத்தில் படித்ததுதான், பரீட்சையில் எழுதியதுதான். ஆனால் அதைத் தேடிப் பார்க்கிற பழக்கம் எனக்கு வரப் பல வருஷங்கள் ஆயின.

சென்னையில் படித்தபோது எங்கள் பேராசிரியர் ஒருவர் வார்டில் ஒரு பயிற்சி வைப்பார். தலைசுத்தல் என்று வந்தவரிடம், "தலை, சுத்தல், மயக்கம் இந்த மூணு வார்த்தையும் இல்லாம, உங்களுக்கு என்ன ஆகுதுன்னு சொல்லுங்க" என்று கேட்கச் சொல்வார். நோயாளி திணறுவார். பிறகு மெதுவாக வரும். "கட்டில் கவிழுற மாதிரி இருக்கு", "எழுந்தா கண்ணு இருட்டிக்கிட்டு வருது", "நடந்தா பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு", "நெஞ்சு ஒரு தரம் நின்னு குதிக்குது." முதலாமவரின் நோய் காதில். இரண்டாமவருக்கு ரத்த அழுத்தத்தைப் படுக்கவைத்து ஒரு தரம், நிற்கவைத்து ஒரு தரம் பார்க்க வேண்டும். மூன்றாமவருக்குக் காலின் நரம்பும் சிறுமூளையும். நான்காமவருக்கு இதயம். இந்தக் கேள்வியைக் கேட்க மூன்று நிமிடம் ஆகும். திண்ணையில் பத்துப் பேர் காத்திருக்கும்போது அந்த மூன்று நிமிடம்தான் முதலில் போகிறது. ஒரு ஊசி, ஒரு பட்டை மாத்திரை, அடுத்த ஆள். நானும் அப்படிச் செய்திருக்கிறேன்.

தறிக்கு நூல் சுற்றிக்கொடுக்கும் ஓர் அம்மா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மூன்று வாரமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாராம். "வலது பக்கம் பொரண்டா போதும் சார், கூரையே கீழ வருது. பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தா கொஞ்ச நேரத்துல நின்னுடும். திரும்பப் பொரண்டா திரும்ப வருது." ரத்தக்கொதிப்பு மாத்திரை, பித்தத்துக்கு மருந்து, கழுத்து எலும்புத் தேய்மானம் என்று கழுத்துப்பட்டை எல்லாம் ஆகியிருந்தது. பெங்களூரில் ஒரு பயிற்சி வகுப்பில் பார்த்துவிட்டு வந்த முறையை அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தனியாகச் செய்தேன். மேசையில் உட்காரவைத்து, முகத்தை வலப்பக்கம் நாற்பத்தைந்து பாகை திருப்பி, "கண்ணை மூடக் கூடாதும்மா, என் மூக்கையே பாருங்க" என்று சொல்லி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்தேன். தலை மேசை விளிம்புக்குக் கீழே கொஞ்சம் தொங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ஒன்றும் இல்லை. நான்கு எண்ணும்போது அவர் என் கையை நகம் பதியப் பிடித்தார். கருவிழிகள் இரண்டும் மேல்நோக்கியும் தரையைப் பார்த்திருந்த காதின் பக்கமாகவும் சுழன்று சுழன்று வெட்டின. அரை நிமிடம் போனது. வேகம் குறைந்து, நின்றது. கள்ளு திருகுதுன்னாயி.

இது உயிருக்கு ஆபத்தில்லாத நோய். உள்காதின் ஒரு பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும். சுண்ணாம்புதான், கோலப்பொடியைவிட நுண்ணியது. அதில் சில கழன்று அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், தலையைச் சாய்க்கும்போதெல்லாம் உருண்டு, திரவத்தைத் தள்ளி, தலை சுற்றுவதாக மூளைக்குப் பொய்ச்செய்தி அனுப்பும். படுக்கவைத்துக் கண்ணைப் பார்க்கும் இந்தச் சோதனையை லண்டனில் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் இருவரும் 1952இல் எழுதினார்கள். துகள்களைத் தலையைத் திருப்பியே பழைய இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று அமெரிக்காவில் ஜான் எப்லி காட்டியபோது சக மருத்துவர்கள் பல வருஷம் நம்பவில்லை. அவருடைய முக்கியமான கட்டுரை வெளிவந்தது 1992இல்தான். அந்த அம்மாவின் தலையை இடப்பக்கம் திருப்பி ஒரு நிமிடம், பிறகு உடம்போடு இடப்பக்கம் புரட்டி முகம் தரை பார்க்க ஒரு நிமிடம் வைத்திருந்து, உட்காரவைத்தேன். மருந்து இல்லை, ஊசி இல்லை. மறுநாள் காலையில் வந்து, ராத்திரி முழுக்கப் படுத்துத் தூங்கியதாகச் சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதார். கழுத்துப்பட்டையைக் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வெற்றி எனக்கு ஒரு கெடுதலும் செய்தது. தலைசுத்தல் என்றால் காது என்ற நினைப்பு கொஞ்ச காலம் எனக்குள் ஊறிக்கிடந்தது. அதை உடைத்தவர் தளிப் பக்கத்து விவசாயி ஒருவர்.

அங்கே ராகி முற்றும் பருவத்தில் காட்டு யானைகள் வயலில் இறங்கும். ராத்திரி பரண்மேல் ஆள் காவல் இருக்க வேண்டும். எழுபதைத் தாண்டிய அந்தத் தாத்தா பரணிலிருந்து விழுந்து நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு வந்தார். தூக்கக் கலக்கம் என்று வீட்டில் சொன்னார்கள். அதற்கு முன்பு இரண்டு தரம் வரப்பில் விழுந்திருக்கிறார். வேறெங்கோ காட்டி இரண்டு மாதமாகக் காதுக்கான மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் கண்ணைப் பார்க்கத்தான் போனேன். கூட வந்த பேரனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். யாரும் கேட்காமலே அவன் சொன்னான்: "சார், தாத்தா விழுந்தப்ப மூஞ்சி சாம்பல் மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் முழிச்சதும் செக்கச் செவேல்னு ஆச்சு."

அந்தப் பையன் சொன்னது மருத்துவ நூல்களில் இருக்கும் ஒரு வர்ணனை. டப்ளின் நகரத்து மருத்துவர்கள் ராபர்ட் ஆடம்ஸ் 1827இலும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1846இலும் எழுதிவைத்த நோய். இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்குப் போகும் வழி அடைபட்டுவிடும். கீழறை தன்பாட்டுக்கு மெதுவாகத் துடிக்கும். சில நொடி அதுவும் நின்றால் ஆள் வெளுத்து விழுவார். மறுபடி துடிக்கும்போது தேங்கிய ரத்தம் பாய்ந்து முகம் சிவக்கும். மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி நிமிடத்துக்கு முப்பத்தாறு. ஈசிஜியில் மேலறை அலை தன் வேகத்தில் போக, கீழறை அலை அதற்குச் சம்பந்தமே இல்லாமல் தனியாகப் போனது. ஒரே கொட்டகையில் இரண்டு தறி தனித்தனித் தாளத்தில் ஓடுவது மாதிரி. ஜெயதேவா மருத்துவமனையில் பேஸ்மேக்கர் வைத்து அனுப்பினார்கள். அடுத்த அறுவடைக்கு ஒரு சேர் ராகி மாவோடு வந்தார். அன்றிலிருந்து தலைசுத்தல் என்று யார் வந்தாலும் வாயைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிடம் முழுதாக நாடி பிடிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கால் நிமிடம் பிடித்து நான்கால் பெருக்குவதில்லை.

தறித் தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பவர்லூம் கொட்டகைக்குள் நாடா அடிக்கும் சத்தம் தொண்ணூறு டெசிபலைத் தாண்டும். கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேசினால்தான் கேட்கும் என்றால் அந்த இரைச்சல் காதைக் கெடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் அடிபடுவது நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்துச் சத்தங்கள். அதனால் பேச்சு கேட்கும், சொல் விளங்காது. பேரக்குழந்தை பேசுவது புரியவில்லை என்று வருவார்கள். 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் காதுக்கு வெளியேயும் காதுக்குப் பின் எலும்பிலும் வைத்துப் பார்ப்பேன். இரண்டுமே மங்கல், ஆனால் வெளியே வைத்தால் கொஞ்சம் நன்றாகக் கேட்கும் என்பார்கள். குற்றம் அழுக்கிலோ செவிப்பறையிலோ இல்லை, நரம்பில் என்று அதற்கு அர்த்தம். காதில் பஞ்சு வைப்பதால் பெரிய பயன் இல்லை, காதடைப்பான் வேண்டும் என்று முதலாளிகளிடம் நடந்து நடந்து பேசினேன். சிலர் வாங்கிக் கொடுத்தார்கள். போட்டால் தறி நூல் அறுவது தெரியாது என்று தொழிலாளிகளே கழற்றிவைத்தார்கள்.

இப்படி, அந்தத் தெருவில் காது மந்தம் ஒரு செய்தியே இல்லை. உதட்டைப் பார்த்துப் பேசுவதும் கையால் பேசுவதும் அங்கே சகஜம். பிறந்ததிலிருந்தே காது கேளாத ஒரு குழந்தை அந்தத் தெருவில் வளர்ந்தபோது அது ஏன் என்று யாரும் கேட்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

அவளுக்கு ஏழு வயது. 1998 சித்திரையில் அம்மாவும் பாட்டியும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பூர்வீகம் கிருஷ்ணகிரிப் பக்கம். தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர் அந்த அம்மா. கூட வந்த பாட்டி, அம்மாவுக்கும் குழந்தைக்கும் பாட்டி: குழந்தைக்கு அம்மாவழியிலும் அப்பாவழியிலும் ரத்தம் ஒன்று. குழந்தைக்கு வலிப்பு, மூன்று வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறாள், சீட்டு எழுதிக் கொடுங்கள் என்றார்கள். பழைய சீட்டில் வலிப்பு என்று எழுதியிருந்தது. நான் காதைப் பார்த்தேன், நெஞ்சில் ஸ்டெத் வைத்தேன், எல்லாம் சரியாக இருந்தது. அதே வலிப்பு மாத்திரையை எழுதிக் கொடுத்தேன். எட்டு மாதம், மாதம் ஒரு தரம், அதையே எழுதிக் கொடுத்தேன்.

அவள் ஒவ்வொரு தரமும் என்னிடம் ஒன்று சொன்னாள். வலது கையை நெஞ்சுக்குமேல் வைத்து விரல்களைப் படபடவென்று அடித்துக் காட்டுவாள். பிறகு கையைத் தொய்யவிட்டுக் கண்ணை மூடுவாள். "பயமா இருக்குன்னு சொல்றா சார்" என்பார் அம்மா. நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்து, பயப்படாதே என்று கையாட்டுவேன். ஒரு குழந்தை தன் நோயைத் தன் கையாலேயே எனக்கு எட்டு தரம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

மார்கழியில் ஒரு நாள். திண்ணைக்கு ஒரு தெருநாய் ஏறி வந்தது. அவளுக்கு நாய் என்றால் பயம். என் அறைக்குள் ஓடிவந்தாள். மேசைக்கும் கதவுக்கும் நடுவில், ஒரு சத்தமும் இல்லாமல், துணி விழுவது மாதிரி விழுந்தாள். நான் பாய்ந்து கையைப் பிடித்தேன். நாடி இல்லை. கழுத்தில் பார்த்தேன். அங்கேயும் இல்லை. முகம் வெளுத்து உதடு நீலம் பாரித்தது. சில நொடிகள் கழித்து இரண்டு கையும் லேசாக வெட்டி இழுத்தன. இதைப் பார்த்துத்தான் வலிப்பு என்று எழுதியிருக்கிறார்கள். வலிப்பில் நாடி ஓடும், வேகமாகவே ஓடும். நெஞ்செலும்பில் கைவைத்து அழுத்தத் தொடங்கினேன். எத்தனை தரம் அழுத்தினேன் என்று நினைவில்லை. திடீரென்று என் விரலுக்கடியில் கழுத்து நாடி ஒரு தரம் குதித்து, பிறகு தாறுமாறாக ஓடி, ஒழுங்கானது. கண்ணைத் திறந்தாள். வலிப்பு வந்த குழந்தை அதற்குப் பின் அசந்து தூங்கும். இவள் எழுந்து உட்கார்ந்து நாய் போய்விட்டதா என்று பார்த்தாள். பிறகு கையை நெஞ்சில் வைத்து விரல்களைப் படபடவென்று அடித்துக் காட்டினாள்.

மருத்துவக் கல்லூரியில் இறுதி வருஷத்தில் கேட்ட ஒரு வாக்கியம் அப்போது நினைவுக்கு வந்தது. காது கேளாத குழந்தை மயங்கி விழுந்தால் ஈசிஜி எடு. பாடப்புத்தகத்தில் இரண்டு வரிக்கு மேல் இல்லாத நோய். அதை வாழ்க்கையில் பார்ப்போம் என்று எங்களில் யாரும் எண்ணியதில்லை.

என்னிடம் இருந்தது பழைய ஒற்றைச் சேனல் ஈசிஜி மெஷின். ஒவ்வொரு லீடாகக் குமிழைத் திருப்பி எடுக்க வேண்டும். காகிதம் நாடா மாதிரி நீளமாக வரும். வீட்டிலிருந்து மகளின் ஜியோமெட்ரி பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அதிலிருந்த டிவைடரால் அளந்தேன். அந்தக் காகிதத்தில் ஒரு சிறு கட்டம் 40 மில்லிசெகண்ட். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே இருபது கட்டம். கீழறை துடிக்கத் தொடங்கி, மறுபடி மின்னேற்றம் பெற்று ஓயும் வரையிலான கால அளவைக் கியூ-டி என்பார்கள். அது பன்னிரண்டரைக் கட்டம் இருந்தது: 500 மில்லிசெகண்ட். இதயத்தின் வேகத்துக்கு ஏற்பத் திருத்தும் கணக்கு ஒன்று உண்டு, 1920இல் பாசெட் சொன்னது. போட்டுப் பார்த்தால் 560ஐத் தொட்டது. 440க்குள் இருந்தால் கவலையில்லை. 500ஐத் தாண்டினால் எந்த நேரமும் ஆபத்து. மூன்று தரம் அளந்தேன். மூன்று தரமும் அதுவே வந்தது.

பாட்டியைத் தனியாக உட்காரவைத்து, வீட்டில் வேறு யாராவது இப்படி உண்டா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். இவளுக்கு முன்னால் ஒரு பையன் இருந்தானாம். அவனுக்கும் காது கேட்காது. இவளைப் போலவே அவனும் நடக்க இரண்டு வயதுக்கு மேலாயிற்று. ஐந்து வயதில், மாடு முட்ட வருகிறது என்று களத்தில் ஓடினான், விழுந்தான். "மாடு தொடவே இல்ல சார். பயந்தே செத்துட்டான் எம்புள்ளை. காத்து அடிச்சிடுச்சின்னாங்க." அந்தக் குழந்தை இறந்ததற்கு அம்மாவைத்தான் பத்து வருஷமாக எல்லாரும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், பிள்ளையைக் களத்தில் விட்டாள் என்று.

1856இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தைச் சேர்ந்த மருத்துவர் மெய்ஸ்னர் எழுதிவைத்த ஒரு சம்பவம் உண்டு. காது கேளாத பள்ளிச் சிறுமி ஒருத்தி, சிறு குற்றத்துக்காகத் தலைமை ஆசிரியர் முன்னால் நிறுத்தப்பட்டாள், அங்கேயே விழுந்து இறந்தாள். பெற்றோருக்குச் சொல்லி அனுப்பினால் அவர்கள் ஆச்சரியப்படவில்லை. காது கேளாத அவர்களுடைய மற்றப் பிள்ளைகளும் பயத்திலும் கோபத்திலும் இப்படியே இறந்திருந்தார்கள். அது என்ன நோய் என்று தெரிய இன்னும் நூறு வருஷம் ஆனது. நார்வேயில் ஆன்டன் யெர்வெல், ஃபிரெட் லாங்கே-நீல்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1957இல் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். ஆறு பிள்ளைகளில் நால்வருக்குக் காது கேட்காது, நால்வரும் மயங்கி விழுவார்கள், மூவர் இறந்துவிட்டார்கள். ஈசிஜியில் கியூ-டி நீண்டிருந்தது. நோய்க்கு அவர்கள் இருவர் பெயரும் வந்தது. காரணமான மரபணு எது என்று உறுதியானது 1997இல்தான். இவள் என் கிளினிக்குக்கு வந்ததற்கு முந்தின வருஷம்.

காதுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று குழந்தையின் அப்பா கேட்டார். ஏரி மதகை வைத்துச் சொன்னேன். உடம்பின் சில செல்களில் பொட்டாசியம் போய்வர ஒரு மதகு இருக்கிறது. இதயத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு அந்த மதகு வழியாகப் பொட்டாசியம் வெளியேறினால்தான் செல் அடுத்த துடிப்புக்குத் தயாராகும். ஓடும்போதும் பயப்படும்போதும் அந்த மதகு இன்னும் அகலமாகத் திறந்து, இதயத்தைச் சீக்கிரம் தயார்படுத்தும். உள்காதிலும் அதே மதகுதான் இருக்கிறது. அங்கே கேட்கும் செல்களின் நுண்மயிர்கள் மூழ்கியிருக்கும் நீருக்குப் பொட்டாசியத்தைக் கொண்டு சேர்க்கிறது. மதகே அமையாத குழந்தைக்குக் காதில் அந்த நீர் வற்றிவிடும், பிறவியிலேயே கேட்காது. சமநிலை உறுப்பும் அதே நீரில்தான் இருக்கிறது, அதனால் நடை தாமதப்படும். இதயமோ சும்மா இருக்கும்போது எப்படியோ சமாளித்துவிடும். நாய் துரத்தும்போது தயாராக முடியாமல், துடிப்பின்மேல் துடிப்பு விழுந்து, தாளம் முறுக்கிக்கொண்டு, ரத்தம் வெளியேறாமல் நின்றுபோகும். அம்மாவிடமிருந்து ஒரு குறை, அப்பாவிடமிருந்து அதே குறை, இரண்டும் சேர்ந்தால்தான் இந்த நோய். ஒற்றைக் குறையோடு இருப்பவர்கள் பெரும்பாலும் சாதாரணமாகவே வாழ்ந்துவிடுவார்கள். ஒரே ரத்தத்தில் கல்யாணம் செய்யும்போது இரண்டு பக்கமும் அதே குறை இருக்க வாய்ப்பு கூடுகிறது. அப்படி இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இதைச் சொல்லிவிட்டு அந்த அம்மாவைப் பார்த்து, "உங்க மேல எந்தத் தப்பும் இல்லம்மா. களத்துல விட்டதால பையன் போகல" என்றேன். அதைக் கணவரும் பாட்டியும் கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னேன்.

வலிப்பு மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினேன். புரோப்ரனலால் தொடங்கினேன். ஜெயதேவாவில் பார்த்து நோயை உறுதி செய்தார்கள், மருந்தின் அளவைக் கூட்டினார்கள். அவள் தம்பிக்கும் ஈசிஜி எடுத்தோம், அவனுக்குப் பிரச்சினை இல்லை. ஓர் அட்டையில் கன்னடத்திலும் தமிழிலும் எழுதிப் பாலிதீன் உறையில் போட்டு அவள் கழுத்தில் மாட்டினேன். இந்தக் குழந்தையை ஓடவைக்காதீர்கள், பின்னாலிருந்து தொட்டுப் பயமுறுத்தாதீர்கள், தண்ணீரில் இறக்காதீர்கள். வாந்தி பேதியானால் உடனே ஆஸ்பத்திரி, அதுவரை இளநீர். கூடாத மருந்துகள் என்று ஒரு பட்டியல்: எரித்ரோமைசின், அசித்ரோமைசின், குளோரோகுயின். வருஷங்கள் போகப்போக அந்தப் பட்டியல் நீண்டது. வாந்திக்கு எல்லாரும் கையில் எடுக்கும் டாம்பெரிடோன், ஒண்டான்செட்ரான் இரண்டையும் சேர்த்தேன். அட்டையைப் புதிதாக எழுதும்போதெல்லாம் ஒன்று உறைத்தது. தலைசுத்தலும் வாந்தியுமாக வருபவருக்கு நாம் யோசிக்காமல் எழுதும் மருந்தே ஒருவருடைய இதயத் தாளத்தைக் கெடுக்கும்.

மருந்து மட்டும் இந்த நோய்க்கு முழுக் காவல் ஆகாது. பதினாறு வயதில், ஒருநாள் காலையில் தண்ணீர்க் குடத்தோடு விழுந்தாள். அப்போது பொம்மசந்திராவில் நாராயண ஹிருதயாலயா வந்துவிட்டிருந்தது. இதயத்துக்கென்று அவ்வளவு பெரிய மருத்துவமனை நம் தாலுகாவிலேயே இருப்பது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய தைரியம். நெஞ்சுக்குள் வைக்கும் மின்னதிர்வுக் கருவி வைத்தார்கள். தாளம் முறுக்கினால் கருவியே ஓர் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும். பாட்டி நிலத்தில் பாதியை விற்றார். அவள் அப்பா வேலை பார்த்த தறிக்கொட்டகையின் முதலாளி வட்டியில்லாமல் கடன் கொடுத்தார்.

நான்கு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் அவள் தனியாகவே கிளினிக்குக்கு வந்தாள். அப்போது ஒரு கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் தையல் வேலை. பஸ் கிளம்பிவிட்டது என்று ஓடியிருக்கிறாள். மேசைக்கு முன்னால் நின்று, வலது கையை நெஞ்சில் வைத்து விரல்களைப் படபடவென்று அடித்துக் காட்டினாள். பிறகு முஷ்டியை மடக்கி நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து. பிறகு உள்ளங்கையை நெஞ்சில் மெதுவாக, ஒழுங்காக, தட்டித் தட்டிக் காட்டினாள். இந்தத் தடவை எனக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படபடத்தது, கருவி அடித்தது, சரியாகிவிட்டது. பொம்மசந்திராவில் கருவியின் பதிவைப் பார்த்து அதையேதான் சொன்னார்கள்.

நான் 2018இல் கிளினிக்கை மூடினேன். அவள் இன்னும் வேலைக்குப் போகிறாள், மாத்திரையை ஒரு நாளும் விடுவதில்லை.

இப்போதெல்லாம் காது கேளாத குழந்தைகளுக்கு அரசு உதவியோடு காக்ளியர் இம்பிளாண்ட் வைக்கிறார்கள். நல்ல காரியம். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் ஈசிஜி எடுத்து, கியூ-டியை மெஷின் அச்சிட்டுத் தருவதோடு விடாமல் கையாலும் அளந்து பார்க்க வேண்டும் என்று அந்த மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். காது கேளாதோர் பள்ளி நடத்துபவர்களிடமும் கேட்கிறேன். சேர்க்கையின்போது ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரே ஒரு முறை ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, வலிக்காது, தாலுகா ஆஸ்பத்திரியிலேயே எடுத்துவிடலாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பிறவியிலேயே காது கேளாத பிள்ளை இருந்து, ஓடும்போதோ பயத்திலோ அழும்போதோ ஒரு தரமாவது துவண்டு விழுந்திருந்தால், அதை வலிப்பு என்று யார் சொல்லியிருந்தாலும் சரி, நாளைக்கே கூட்டிக்கொண்டு போய் "கியூ-டி எவ்வளவு?" என்று கேளுங்கள்.